மருந்து தருபவரே ஊசியும் போடலாமா?



ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தின் மாரேடுபள்ளியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. எழுபதைத் தாண்டிய அவருடைய அப்பாவுக்கு ஃபுளூ தடுப்பூசி போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மருந்து கிடைத்துவிட்டது. ஐஸ் பையில் வைத்துக் கொடுத்தும் விட்டார்கள். போட்டுவிடத்தான் ஆள் இல்லை. ஒரு கிளினிக்கில், வெளியே வாங்கிய ஊசியைப் போட மாட்டோம் என்றார்களாம். இன்னொன்றில் மாலை ஏழு மணிக்கு மேல் வரச் சொன்னார்களாம். அந்த வெயிலில் ஐஸ் எத்தனை நேரம் தாங்கும் என்ற கவலை அவருக்கு. "கடையில் இருப்பவர் பார்மஸி படித்தவர்தானே, அவரே போட்டால் என்ன?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. நம் நாட்டில் மருந்தாளுநருக்கு அந்த அனுமதி இல்லை. 2015-ல் வந்த பார்மஸி நடைமுறை விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தன, ஊசியைக் கொடுக்கவில்லை. ஆனால் ஒருமுறை அரசே அந்தக் கதவைத் திறந்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட கோவிட் தடுப்பூசி வழிகாட்டுதலில், ஊசி போடத் தகுதியானவர்கள் பட்டியலில் டாக்டர், நர்ஸ், ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் ஆகியோருடன் மருந்தாளுநரும் இருந்தார். அவசர காலத்தில் நம்பத் தகுந்தவராக இருந்தவர், அவசரம் தீர்ந்ததும் மீண்டும் கவுன்ட்டருக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

இந்தக் கேள்வி ஹைதராபாத்திலிருந்து வந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோவாக்சினையும் குழந்தைகளுக்கான ரோட்டாவாக்கையும் தயாரித்த பாரத் பயோடெக், கோர்பெவாக்ஸைத் தந்த பயாலஜிகல்-இ, வெறிநாய்க்கடிக்கு அபய்ராப் தயாரிக்கும் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், மூன்றும் இந்த ஊர்க் கம்பெனிகள். இங்கிருந்து பல நாடுகளுக்குத் தடுப்பூசி போகிறது. அதே ஊரில் ஒரு பெரியவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைகிறார்.

குழந்தைகளுக்கு இந்தச் சிரமம் குறைவு. 1985-ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் அவர்களையும் கர்ப்பிணிகளையும் பார்த்துக்கொள்கிறது. ஃபுளூ, நிமோனியா, ஹெபடைடிஸ்-பி என்று பெரியவர்களுக்கு வேண்டிய ஊசிகள்தான் பெரும்பாலும் அவரவர் பாடு. நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊசியோடு அது முடிவதில்லை. முதல் நாள், அதன்பின் 3-ம் நாள், 7-ம் நாள் என்று தேதி தவறாமல் போட வேண்டும். முதல் நாள் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காயத்தைப் பார்த்து, தேவையானால் உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியிருக்கும். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் தினக்கூலிக்காரர் ஒருவர் அரைநாள் சம்பளத்தை இழந்து வரிசையில் நிற்பானேன்? வீட்டுக்குப் பக்கத்திலேயே, இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும் கடையில் அது முடிந்துவிட்டால், பாதியில் விட்டுவிடுகிறவர்கள் குறைவார்கள் என்றே நம்புகிறேன்.

வெளிநாடுகளில் மருந்தாளுநர் ஊசி போடுவது புதிதல்ல. போர்ச்சுகலில் 2007-லேயே மருந்துக்கடையில் தடுப்பூசி போட அனுமதித்துவிட்டார்கள். 2009-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் அனுமதித்துவிட்டன. அயர்லாந்தில் 2011-ல் ஃபுளூ ஊசியோடு ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 2015 முதல் அரசே அதற்குப் பணம் கொடுக்கிறது.

இதற்கு டாக்டர்கள் தயங்குவதை நான் தள்ளிவிட மாட்டேன். ஹைதராபாத்துக்கு ஆறாத ஒரு வடு இருக்கிறது. 2019 மார்ச்சில், நாம்பள்ளி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட கைக்குழந்தைகளுக்கு, காய்ச்சல் வந்தால் கொடுக்க பாராசிட்டமால் மாத்திரைக்குப் பதிலாக டிராமடால் என்ற கடுமையான வலிநிவாரணியைக் கொடுத்துவிட்டார்கள். பல குழந்தைகளை நிலோஃபர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர்களும் போயின. அங்கே ஊசியில் தவறில்லை. மாத்திரையைச் சரிபார்க்காமல் எடுத்துக் கொடுத்ததுதான் தவறு. மருந்தை எடுத்துக் கொடுப்பதிலேயே இப்படி நடக்குமென்றால் ஊசியையும் எப்படி ஒப்படைப்பது என்று கேட்பவர்களுக்கு, அதனால்தான் கறாரான விதி வேண்டும் என்பதே என் பதில்.

விதி இல்லாததால் யாரும் ஊசி போடாமல் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஊசியைப் படிக்காத 'ஆர்.எம்.பி. டாக்டர்' போட்டுவிடுவது பல கிராமங்களில், குடிசைப் பகுதிகளில் அன்றாட வழக்கம். உத்தரப் பிரதேசத்தின் பாங்கர்மாவ் ஊரில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது 2018-ல் தெரியவந்தபோது, ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஒரு போலி மருத்துவர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆறு வருடம் படித்து 'பார்ம்.டி' பட்டம் வாங்கியவர் சிரிஞ்சைத் தொடக் கூடாது, படிக்காதவர் மறைவில் போடலாம் என்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் அனுமதி கொடுக்கச் சொல்லவில்லை. பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்கும் கடையாக இருக்க வேண்டும். சான்றிதழை மட்டும் மாட்டிவிட்டு அவர் வேறெங்கோ இருக்கும் கடைக்கு அனுமதியே கூடாது. ஊசிப் பயிற்சியும், அலர்ஜி வந்து மயங்கினால் அட்ரினலின் கொடுக்கும் பயிற்சியும் கட்டாயம். ஒதுக்குப்புறமாக ஓர் அறை, ஊசிக்குப் பின் உட்கார நாற்காலி, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் ஃபிரிட்ஜ், கரன்ட் போனால் மாற்று ஏற்பாடு, யாருக்கு எந்த பேட்ச் போட்டது என்ற பதிவு, இவையும் வேண்டும். முதலில் ஃபுளூ ஒன்றை மட்டும், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு மட்டும் அனுமதித்துப் பார்க்கலாம். ஹைதராபாத்திலேயே தொடங்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மருந்தாளுநர்கள் பலர் உண்டு. உங்களுக்கு இந்தப் பொறுப்பு வேண்டுமா, தயக்கம் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். மறுக்கும் டாக்டர்களும் எழுத வேண்டும். இரண்டு தரப்பையும் அடுத்த இதழில் வெட்டாமல் வெளியிடுகிறேன். மாரேடுபள்ளி வாசகிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அடுத்த முறை, ஊசி போடும் கிளினிக்கிடம் பேசி நேரம் குறித்துக்கொண்டு, அதன் பிறகு மருந்தை வாங்குங்கள் அம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்