வாவியின் இரு கரைகளும் வைத்திய தர்மமும்

மட்டக்களப்பு நகரில் போதனா வைத்தியசாலையும், மாலையானதும் நிபுணர்களைப் பணங்கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கும் தனியார் நிலையங்களும் இருக்க, மண்முனைத் துறையை நம்பியிருந்த படுவான்கரை விவசாயியோ, 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்படும்வரை, தன் வீட்டு நோயாளியைப் பாதையில் ஏற்றி வாவியைக் கடந்தே வைத்தியரை நாட வேண்டியவனாயிருந்தான். உடல்நலம் அவரவர் முயற்சிக்கும் பொருளுக்கும் உரிய விஷயம், அதில் அரசாங்கம் தலையிடுவது தனிமனித சுதந்திரத்துக்குப் பங்கம் என்று வாதிப்போர், அந்தத் துறையிலே காத்து நின்றவனுக்கு எத்தகைய சுதந்திரம் இருந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இலங்கை இவ்வினாவுக்கு 1951இலேயே விடை கண்டு, அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணத்தை நீக்கியது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கி, 1977இல் அதையும் கைவிட்டது. அதே ஆண்டில் அரசாங்க வைத்தியர்கள் தனியாகவும் தொழில் பார்க்க அனுமதி கிடைத்தது. அன்றுமுதல் ஒரே வைத்தியர் காலையில் எல்லோருக்கும் பொதுவானவராகவும், மாலையில் பணமுள்ளவருக்கு உரியவராகவும் இருந்துவருகிறார். வைத்தியரை நான் குறை கூறவில்லை. காலை வரிசை நீள நீள மாலைக்கூட்டம் பெருகும் இந்த ஏற்பாட்டைத்தான் அநீதி என்கிறேன்.

ஆயினும் தனிமனிதவாதியின் ஓர் ஆட்சேபம் பணத்தைப் பற்றியதன்று. சமுதாய நன்மை என்னும் பெயரால் ஒருவனுடைய உடலின்மீது எதையும் செய்துவிடலாமா என்பது அது. அதை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2020இல் கொரோனாவால் மரித்தோர் அனைவரையும் எரிக்கவேண்டுமென்று அரசாங்கம் விதித்தபோது, அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம் குடும்பங்களின் மன்றாட்டம் செவியேறவில்லை. பிறந்து 20 நாட்களேயான சிசுவும் பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டது. 2021 மார்ச்சில்தான், இம்மாவட்டத்து ஓட்டமாவடியில், நாட்டின் பல திக்குகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஜனாஸாக்கள் மண்ணில் வைக்கப்படலாயின. நோய் கேட்காததை அரசாங்கம் கேட்டது. அதைப் பொதுச் சுகாதாரம் என்றும் அழைத்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அது போதாது. கட்டாயம் விதிக்கும் எந்த ஆணைக்கும் விஞ்ஞானக் காரணத்தை முன்கூட்டியே பகிரங்கப்படுத்தி, பாதிக்கப்படுவோர் அதை எதிர்த்துக் கேட்க இடமளிக்கும் கடமை சட்டத்திலே எழுதப்படவேண்டும். இலவச வைத்தியத்தை உயிராய்ப் போற்றும் நாமே அதை முதலில் கோரவேண்டும்.