மழைக்கு முன்பே விதைநெல்

இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் 1993ல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997ல் கால்பந்து மைதானம் எழுந்தது. சுரங்கத் தொழிலாளியின் விளக்கை நினைத்தே அதற்குப் பெயரிட்டார்கள். அந்நகர உழைப்பாளி மக்களுக்குத் தங்கள் குழு வெறும் பொழுதுபோக்கல்ல.

2017ல் முதல் டிவிஷனிலிருந்தும், மறு ஆண்டே இரண்டாவது டிவிஷனிலிருந்தும் அக்குழு சரிந்தது. மேலே இருந்தபோது போட்ட பெரும் சம்பள ஒப்பந்தங்கள், சரிந்த பின்பும் கழுத்தை நெரித்தன.

2025 மே 24ல் இறுதி ஆட்டத்தில் வென்று மீண்டும் மேலேறியது. மேல் டிவிஷனில் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16ல். இடையே பன்னிரண்டே வாரங்கள்! அதற்கு முந்தைய இரண்டு சீசன்களிலும், புதிதாக ஏறிய மூன்று குழுக்களும் ஒரே ஆண்டில் கீழே தள்ளப்பட்டிருந்தன.

எனவே நாம் சொல்வது இதுதான்: மழை கொட்டிய பிறகா விதைநெல் தேடுவது? ஏறினால் யாரைச் சேர்ப்பது, ஏறாவிட்டால் யாரைச் சேர்ப்பது என்று மார்ச் மாதத்திலேயே இரண்டு பட்டியல் வேண்டும். கீழிறங்கினால் நட்சத்திர ஆட்டக்காரரின் சம்பளம் குறையும் என்ற ஷரத்தும் வேண்டும். இல்லையேல் அந்தச் சுமை புல் வெட்டுபவர், வாசலில் டிக்கெட் பார்ப்பவர் தலையில்தான் விழும்.

ஆசை பெரிதாக இருக்கலாம். கணக்கு சரியாக இருக்கவேண்டும்.