குதிரை கூட்டித் தருகிறார்களாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே, "மாமா, பம்பை ஏத்திடலாம்னு இருக்கேன்" என்றான். எனக்குப் பகீரென்றது.

அவனிடம் இருப்பது ஒரே லாரி. டாடா 1612, பழைய வண்டி. வில்லியனூருக்கு அப்பால் சூளைகளிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு வருகிறான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. புது வண்டிக்காரர்கள் நாளைக்கு நான்கு நடை அடிக்கிறார்கள், இவன் மூன்று. மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகிறானாம். பட்டறையில் ஒருவர், "120 குதிரையை 150 ஆக்கித் தர்றேன், அரை நாள் வேலை" என்று சொல்லியிருக்கிறார். பெண் கல்லூரியில் சேரப் போகிறாள். நாளைக்கு ஒரு நடை கூடினால் என்ன ஆகும் என்று அவன் போட்ட கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. போக்குவரத்துத் துறையில் ஆர்.சி. புத்தகம் எழுதி எழுதியே மூக்குக்கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவன். ஆனாலும் இந்தப் பம்ப் ஏற்றும் வேலையைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அதற்குக் காரணம் என் அண்ணன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 1612 என்ற பெயரையே பாருங்கள். முதல் இரண்டு எண்கள் சுமையோடு சேர்ந்த மொத்த எடை, 16 டன். பின்னால் உள்ள 12 என்பது, பத்துப் பத்தாக எண்ணினால், சுமார் 120 குதிரை. அதற்குப் பிறகு வந்த 1613-ல் டர்போ வைத்தார்கள். புகைக்கான விதிகளும் ஒரு காரணம் என்றாலும், கடைசி எண் 12-லிருந்து 13 ஆனதற்கே கம்பெனி இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் ஒரு கருவியை வைக்க வேண்டியிருந்தது. நம்மூர்ப் பட்டறையில் ஒரு திருகாணியைத் திருப்பி 15 ஆக்குகிறேன் என்கிறார்கள்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் குதிரைத்திறனை 'ஷெவால் வாப்பர்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீராவிக் குதிரை என்று பொருள். 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு குதிரை. இங்கிலீஷ்காரன் குதிரை கொஞ்சம் பெரியது. அவனுடையது 746 வாட், நம் பிரெஞ்சுக் குதிரை 735 சொச்சம்தான். டீசல் இஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலும் பாரிசில் பிறந்தவர்தான், 1858-ல். பெற்றோர் ஜெர்மானியர்கள் என்பதால் 1870 போரின்போது குடும்பமே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அவர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இஞ்சின், ஆள் உயரத்தைத் தாண்டி நின்றாலும், சுமார் 20 குதிரைதான். பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது, மன்னிக்கவும்.

விஷயம் காற்றில் இருக்கிறது. 1612-ல் உள்ள இஞ்சினுக்கு 697 என்று பெயர். 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவு 97 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 5.675 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அது அவ்வளவு காற்றை உறிஞ்சும். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 8,000 லிட்டர். வால்வு, குழாய் எல்லாம் தடுப்பதால் உண்மையில் உள்ளே போவது 6,500 லிட்டர் இருக்கும். நம்மூர் வெயிலில் ஆயிரம் லிட்டர் காற்று 1.1 கிலோ. ஆக நிமிடத்துக்கு ஏழு கிலோ காற்று. ஒரு கிலோ டீசல் எரிய ஏட்டுக் கணக்குக்குப் பதினாலரை கிலோ காற்று போதும். ஆனால் பீய்ச்சியடிக்கும் டீசல் கண் இமைக்கும் நேரத்துக்குள் காற்றைத் தேடிப்பிடித்து எரிய வேண்டுமே, அதனால் கரும்புகை இல்லாமல் எரிய 20 கிலோவாவது வேண்டும். ஏழு கிலோவை இருபதால் வகுத்தால் 350 கிராம், மணிக்கு 21 கிலோ டீசல். இப்படிப்பட்ட இஞ்சினில் ஒரு குதிரை ஒரு மணி நேரம் இழுக்க 180 கிராம் டீசல் தேவை. வகுத்துப் பாருங்கள், 117 வரும். கம்பெனிக்காரன் பெயரில் போட்ட 12 எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

பம்பை ஏற்றுவது என்றால் ராக் கம்பி எவ்வளவு தூரம் நகரலாம் என்று தடுத்து வைத்திருக்கும் திருகாணியைத் தளர்த்துவது. அதன் மேல் ஈய முத்திரை இருக்கும். அதை உடைத்துத் திருப்பினால் டீசல் கூடும். காற்று ஒரு லிட்டர்கூடக் கூடாது. முதலில் கொஞ்சம் இழுவை கிடைப்பது உண்மைதான், இல்லையென்று சொன்னால் நான் பொய்யனாவேன். கம்பெனி கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் முத்திரை வைத்திருக்கும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கரியாகவும் சூடாகவும்தான் போகும். எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கும். சூடு வால்விலும் பிஸ்டன் தலையிலும் உட்காரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிற பொருள், அதற்கு வெகு முன்பே வலு இழந்துவிடும். சிலர் கவர்னரையும் சேர்த்துத் திருகி 2,800-ஐ 3,200 ஆக்குவார்கள். வேகம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் கனெக்டிங் ராடின் போல்ட்டை இழுக்கும் விசை முப்பது சதவீதம் கூடிவிடும்.

இனி அண்ணன் கதை. 1984-ல் அவரிடம் ஒரு 1210 இருந்தது. மரக்காணம் உப்பை ஏற்றிக்கொண்டு சேலம், சத்தியமங்கலம் வழியாக மைசூர்ப் பக்கம் போவார். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறிக் கீழிறங்க நேரமாகிறது என்று யாரோ சொன்ன பட்டறையில் பம்பை ஏற்றினார். சமவெளியில் வண்டி பறந்ததாம். கடிதத்தில்கூட எழுதியிருந்தார். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சமதரையில் முழு ஆக்சிலேட்டர் மிதிப்பது சில விநாடிகள்தான், இஞ்சினுக்கு ஆற நேரம் கிடைக்கும். மலையில் அரை மணி, முக்கால் மணி என்று விடாமல் மிதிக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்றும் லேசாகும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசலைக் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிக்கொண்டு போகிறோம்.

மூன்றாவது நடையில், பாதி மலையில், ஒரு பிஸ்டன் பிடித்து இஞ்சின் நின்றுவிட்டது. கைப்பிரேக் தாங்கவில்லை. கிளீனர் பையன் கட்டை போடக் குதித்தான். வண்டி பின்னால் ஓர் அடி உருண்டது, அவன் இடது காலில் மூன்று விரல் போய்விட்டது. எங்கள் தெருப் பையன், பதினெட்டு வயது. அண்ணன் வண்டியை விற்று அவனுக்குக் கொடுத்தது போக மீதியில் கடனை அடைத்தார். அதற்குப் பிறகு அவர் லாரி வாங்கவில்லை. அந்தப் பையனுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். என்னைக் கண்டால் இன்றும் நின்று பேசுவான். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னதும் மருமகன், "அப்ப டர்போ போட்டுக்கட்டுமா மாமா?" என்றான். கேள்வி நியாயமானது. டர்போ முதலில் காற்றைக் கொண்டுவருகிறது, பிறகுதான் டீசலைக் கேட்கிறது. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூக்கி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் டர்போ இல்லாமல் பிறந்த இஞ்சினின் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. போடுவதானால் டர்போவோடு பிறந்த இஞ்சினையே முழுதாக மாற்றிவிடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிறபடி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, அனுமதி வாங்கி இஞ்சின் மாற்ற அதிலேயே வழியும் இருக்கிறது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் அந்தக் கூடுதல் குதிரையைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. அவன் வண்டியின் வயதுக்கு அந்தச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டறைக்காரர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் 150 என்று சொல்கிறவரிடம் அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்காது. காதாலும் புகையாலும்தான் அளக்கிறார்கள். பம்பைச் சோதிக்கும் பெஞ்ச் வைத்திருக்கிற கடைகள் இருக்கின்றன. ஆறு குழாயிலும் எத்தனை மில்லி விழுகிறது என்று அங்கே எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டை வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். குமாஸ்தா புத்தி என்று சிரித்தாலும் பரவாயில்லை.

அவன் வண்டியில் இருந்த குதிரைகளிலேயே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொன்னேன். ஏர் கிளீனரிலிருந்து போகும் ரப்பர்க் குழாய் உள்ளே உரிந்து, இஞ்சின் உறிஞ்சும்போது பாதி மூடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு நாசில்கள் பீய்ச்சாமல் ஒழுகின. டேப்பெட் இடைவெளி தாறுமாறு. நாலாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, அதற்கு இன்னும் கை வைக்கவில்லை. மற்றதைச் சரிசெய்ததும் மேம்பாலத்தில் இரண்டாவது கியர் கேட்ட வண்டி இப்போது மூன்றாவதில் ஏறுகிறது. புகை குறைந்திருக்கிறது.

நடை மட்டும் மூன்றுதான். மருமகனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். சரி, நானே வருகிறேன் என்று ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு நடையில் சாலையில் ஓடியது போக வர 1 மணி 20 நிமிடம். சூளையில் வரிசையில் நின்றது 1 மணி 10 நிமிடம். ஏற்ற 40, இறக்க 35. முப்பது குதிரை கூடுதலாக இருந்திருந்தால் பாலத்திலும் சிக்னலிலும் மிஞ்சியிருக்கக்கூடியது, தாராளமாகப் போட்டாலும், ஐந்தாறு நிமிடம். நான்கு நடை அடிக்கிற புது வண்டிக்காரர்கள் காலை ஐந்து மணிக்கே சூளை வாசலில் நிற்கிறார்கள். இவன் ஏழு மணிக்குப் போகிறான்.

நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அஞ்சு மணிக்கு டோக்கன் கொடுக்கிறது அவங்களுக்கு வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும்தான் மாமா" என்றான். சூளைக்காரரை எனக்குத் தெரியும், ஆர்.சி. விஷயமாக ஒரு காலத்தில் என் மேசைக்கு வந்தவர். வருகிற வெள்ளிக்கிழமை இருவருமாகப் போய்ப் பேசுவதாக இருக்கிறோம். பம்பின் முத்திரை இன்னும் உடைக்கவில்லை.