முதலாம் தரத்துக்குக் கேட்கும் சான்று பாராளுமன்றத்துக்கு வேண்டாமா?



முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி என்று எத்தனை கேட்கிறோம்! பாராளுமன்றம் போகிறவரிடம்?

இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் எம்.பி. ஆக முடியாது என்று 2015இல் 19ஆவது திருத்தம் சொன்னது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே சரிபார்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

கீதா குமாரசிங்க 2015இல் வென்றார். சுவிஸ் பிரஜாவுரிமையால் அவர் ஆசனம் இழந்தது 2017இல். டயானா கமகே 2020இல் தேசியப் பட்டியலில் போய், இராஜாங்க அமைச்சராகவும் இருந்தார். அவருக்கு எம்.பி. ஆகும் தகுதி இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2024 மே 8இல். இரண்டு தடவையும் நீதிமன்றம் போனது அரசாங்கம் அல்ல, குடிமக்கள்.

அதுவரை எடுத்த சம்பளம், போட்ட வாக்கு, எழுப்பிய கை எல்லாம் யார் கணக்கில்?

அதிகாரிகளுக்கு இந்த அதிகாரம் கொடுத்தால் பழிவாங்கப் பாவிப்பார்கள் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால் முடிவு நீதிமன்றத்திடமே இருக்கட்டும். ஆனால் வேட்புமனுவோடு குடிவரவுத் திணைக்களத்தின் சான்றும் வரட்டும். அதை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஆட்சேபனை வந்தால் தேர்தலுக்கு முன்பே தீர்க்கட்டும்.

உங்கள் கருத்து என்ன? கீழே எழுதுங்கள்.