கடவுளை வாக்கெடுப்புக்கு விடலாமா?

குடிமையியல் வகுப்பில் அரசியலமைப்பின் முகப்புரையைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், நம் பள்ளியில் காலைக் கூட்டம் செபத்தோடுதான் தொடங்குகிறது. தேர்வு எழுதுமுன்கூடக் கடவுளை நினைக்கிறோம். இவ்வளவு பெரிய நாட்டின் சட்டம் மட்டும் ஏன் கடவுளின் பெயரைச் சொல்லாமல் தொடங்குகிறது? அதை எழுதியவர்களுக்கு இறைப்பற்று இல்லையா?”

நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அன்று அரைகுறையாகவே விடை சொன்னேன். அந்தக் கடனை இம்மலரின் பக்கங்களில் தீர்க்க விழைகிறேன்.

அன்பு மாணவியரே! இதே கேள்வி 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. எச். வி. காமத் என்னும் உறுப்பினர், முகப்புரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தலைமை வகித்த இராஜேந்திர பிரசாத் அவர்கள் ஆழ்ந்த பக்திமான். உறுப்பினருள்ளும் இறைநம்பிக்கை உடையோர் பலர். ஆயினும் அவையில் தயக்கம் எழுந்தது. திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுபிள்ளை, தாம் கடவுளை நம்புகிறவர்தாம் என்றும், ஆனால் இத்திருத்தம் சமய நம்பிக்கையில் பிறரைக் கட்டாயப்படுத்துவதாக முடியும் என்றும் எடுத்துரைத்தார். பூர்ணிமா பானர்ஜி என்ற பெண் உறுப்பினர், கடவுளை வாக்கெடுப்புக்கு உட்படுத்தும் தர்மசங்கடத்தில் எங்களை ஆழ்த்த வேண்டாம் என்று காமத்தைக் கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 41; எதிராக 68.

அப்படியானால் அன்று கடவுள் தோற்றுவிட்டாரா? இல்லை. தோற்றது ஒரு திருத்தம் மட்டுமே. அதே அரசியலமைப்பில் குடியரசுத் தலைவர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை பதவி ஏற்போர் சொல்ல வேண்டிய உறுதிமொழி உள்ளது. அதில் ஒருவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். எதைச் சொல்வது என்பது அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டுள்ளது. முகப்புரையோ நாட்டு மக்கள் அனைவரும் ஒரே குரலில் சொல்வது. தனி மனிதர் தம் வாயால் கடவுளை அழைப்பது வழிபாடு. நம்பாதவரின் வாயிலும் அப்பெயரைச் சட்டத்தால் திணிப்பது வழிபாடு ஆகாது. இந்த வேறுபாட்டை உணர்ந்தே அந்த 68 பேரில் இறைநம்பிக்கையுள்ளோரும் வாக்களித்தனர் என்று கொள்ளலாம்.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று. வரி கொடுப்பது முறையா என்று கேட்டு இயேசு பெருமானைச் சிக்க வைக்க வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் யாருடைய உருவம் உள்ளது என்று கேட்டார். உரோமைப் பேரரசனின் உருவம் என்றனர். நாணயத்தில் அரசனின் உருவம் இருக்கிறது; மனிதனிலோ கடவுளின் சாயல் இருக்கிறது. அரசன் நாணயத்தைக் கேட்கலாம். மனச்சான்றைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை.

இந்த எல்லையை அரசுகள் மீறியபோதெல்லாம் இரத்தம் சிந்தியது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1534-இல் தம்மையே அந்நாட்டுத் திருச்சபையின் தலைவராக்கிச் சட்டம் இயற்றச் செய்தார். அதை ஏற்று ஆணையிட மறுத்த புனித தாமஸ் மோர் 1535-இல் தலை வெட்டுண்டு மாண்டார். அரசியலில் உள்ளோரின் பாதுகாவலராக அவரை 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். இவ்வளவையும் பெருமையோடு சொல்லும் நாம், மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் லார்டு சான்சலராகப் பதவி வகித்த 1529 முதல் 1532 வரையான ஆண்டுகளில், கத்தோலிக்க மறைக்கு மாறான கொள்கை கொண்டோர் சிலர் அதே நாட்டில் தீயிலிடப்பட்டனர். தம் மனச்சான்றுக்காக உயிர் கொடுத்த அப்பெருமகனாருக்கும், பிறர் மனச்சான்று அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் காலம் அப்படி. புனிதருக்கே வந்த அந்தச் சோதனை நமக்கு வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

திருச்சபை இதை உணர்ந்து பேச நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் பேசியபோது தெளிவாகவே பேசிற்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 டிசம்பர் 7-ஆம் நாள் சமயச் சுதந்திரம் பற்றிய தன் அறிக்கையைத் திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் ஒப்புதலோடு வெளியிட்டது. சமய விஷயத்தில் எவரும் வற்புறுத்தப்படலாகாது. இவ்வுரிமை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று, மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரின் மாண்பிலும் வேரூன்றியது என்பதே அதன் சாரம். நாம் சிறுபான்மையாக உள்ள இடத்தில் ஒரு நியாயம், பெரும்பான்மையாக உள்ள இடத்தில் மற்றொரு நியாயம் என்பதற்கு இனி இடமில்லை.

இதை நம் பள்ளியிலேயே காணலாம். கத்தோலிக்க மாணவியர் மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் நேரத்தில், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்குச் செல்கிறார்கள். இது பள்ளி காட்டும் சலுகை என்று சிலர் எண்ணுகிறார்கள். சலுகையன்று, உரிமை. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் பள்ளியில், ஒரு பிள்ளையைப் பெற்றோரின் சம்மதமின்றி மறைக்கல்வியிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு கூறுகிறது. நம் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமையை நமக்கு அளிக்கும் 30-ஆம் பிரிவும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. முன்னதை மறந்துவிட்டுப் பின்னதை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகவே காலைச் செபத்தின்போது வாய் திறவாமல் அமைதியாக நிற்கும் தோழியைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். அவள் ஒழுங்கு மீறவில்லை.

அமைதியாக நிற்பதைப் பற்றி ஒரு வழக்கே உண்டு. 1985-இல் கேரளத்தில் ஒரு பள்ளியில் பயின்ற மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்னும் அவர்களது சமயக்குழு அப்படிப் பாடுவதை ஏற்பதில்லை. அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர்நீதிமன்றமும் கைவிட்டது. உச்சநீதிமன்றமோ 1986 ஆகஸ்ட் 11-ஆம் நாள் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது. பாடியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்றதே மரியாதைதான் என்பது தீர்ப்பு. அக்குழுவின் போதனையை நாம் ஏற்பதில்லை. நாட்டுப்பண்ணை நாம் உரக்கப் பாடுகிறோம், பாடவும் வேண்டும். இருந்தும் அத்தீர்ப்பைக் கண்டு மகிழ்கிறேன். நமக்குப் பிடித்தவரின் சுதந்திரத்தைக் காப்பதில் என்ன சிறப்பு? நமக்கு உடன்பாடில்லாதவரின் சுதந்திரம் காக்கப்படும்போதுதான் நம் சுதந்திரத்துக்கும் உறுதி பிறக்கிறது.

“அப்படியானால் மதத்தின் பெயரால் நடப்பது எதையும் சட்டம் தொடக்கூடாதா?” என்று கேட்பீர்கள். தொடலாம், தொடவும் வேண்டும். வழிபடும் உரிமை வேறு, மதத்தின் போர்வையில் மனிதரைத் தாழ்த்தும் வழக்கம் வேறு. தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. அதனால் எவருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை.

நம் வீட்டுக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அதுதான். ஒரு சமூகத்தின் வழக்கம், கிறிஸ்தவம் என்ற பெயரைச் சூடிச் சட்டமாக நின்றது. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் அம்மையார் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே அப்பகுதிக் கிறிஸ்தவருக்கும் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவச் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மகளுக்குக் குறைத்துக் கொடுக்கும்படி நற்செய்தியில் எங்கே சொல்லியிருக்கிறது? வழக்கத்தைச் சட்டமாக்கி, அதற்கு மதத்தின் முத்திரையையும் குத்திவிட்டால், அதைக் கேள்வி கேட்பவள் மதத்தின் பகைவளாகத் தோன்றுகிறாள். பெரும்பாலும் பெண்தான் அதன் சுமையைத் தாங்குகிறாள். மதத்தையும் சட்டத்தையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பதற்குப் பெண்களாகிய நமக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மறுபுறம், அரசே மதத்துக்குள் நுழைந்ததையும் நாம் கண்டோம். 2002-ஆம் ஆண்டு தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மதமாற்றச் சடங்கை நடத்துவோர் அதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. மாற்றப்பட்டவர் சிறுவரோ, பெண்ணோ, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினரோ ஆனால், தண்டனை கூடுதல் என்றது. வளர்ந்த பெண்ணையும் சின்னஞ்சிறு பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்த விதியைக் கவனியுங்கள். தன் கடவுளைத் தானே தேர்ந்துகொள்ள அவளுக்கு அறிவு போதாது என்பதுதானே அதன் உட்பொருள்? 2004-இல் அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. 1967-இல் ஒரிசாவில் தொடங்கி, வேறு பல மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் இன்றும் உண்டு.

வற்புறுத்தலும் ஏமாற்றும் குற்றமே, அதில் ஐயமில்லை. பணமோ பதவியோ காட்டி ஒருவரைத் திருமுழுக்குக்கு அழைத்தல் பாவம். பொதுச்சங்கத்தின் அறிக்கையும் அத்தகைய முறைகளைக் கண்டிக்கிறது. ஆனால் ஏமாற்றைத் தண்டிப்பது ஒன்று. ஒருவர் இறைவனைத் தேடிச் செல்லும் வழியில் அலுவலகப் படிவத்தைக் குறுக்கே நீட்டுவது மற்றொன்று.

அப்படியாயின் நம் நம்பிக்கைக்குப் பொதுவாழ்வில் இடமே இல்லையா? உண்டு. ஏழைக்கு இரங்கவும், பொய் சொல்லாதிருக்கவும், பகைவனை மன்னிக்கவும் நம் மறை நமக்குக் கற்பிக்கிறது. அந்த உந்துதலோடு நாட்டுப்பணிக்கு வாருங்கள். ஆனால் ஒரு சட்டம் வேண்டுமென்று கேட்கும்போது, “எங்கள் மறை சொல்கிறது, ஆகவே எல்லோரும் செய்யுங்கள்” என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு இந்து அம்மாளும், எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணனும், கடவுளே இல்லை என்னும் பெரியவரும் எடைபோட்டுப் பார்க்கத்தக்க நியாயத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவர்களும் நம்மிடம் அப்படியே கேட்கட்டும்.

பதினெட்டு வயது நிரம்பியதும் உங்கள் விரலிலும் மை வைக்கப்படும். மதத்தின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டு வருவோரும் அன்று உங்கள் வாசலுக்கு வருவார்கள். சிலர் நம் மதத்தின் பெயரையே சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் சாலை பற்றியும், பள்ளி பற்றியும், குடிநீர் பற்றியும் கேளுங்கள். கடவுளைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. அதற்கு நம் சிற்றாலயம் இருக்கிறது. முழந்தாளிட இடமும் இருக்கிறது.

அன்று கேட்ட மாணவிக்கு என் விடை இதுதான்: நம் சட்டம் கடவுளின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவது அவரை மறந்ததால் அன்று. அவர் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை, மகளே, உனக்கே விட்டுவைத்ததால்தான். நாளைக் காலைக் கூட்டத்தில் உன் விருப்பத்தோடு அப்பெயரைச் சொல். உன் அருகில் மௌனமாக நிற்பவளுக்கும் சற்று இடம் விட்டு நில்.