பாட்டு யாருக்குச் சொந்தம்?

பாபநாசத்தில் தாமிரபரணி பாய்வதைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறீர்கள். பாரதி பாடல் ஒன்றைப் பின்னணியில் சேர்த்து யூடியூபில் வெளியிடுகிறீர்கள். உடனே பதிப்புரிமை அறிவிப்பு வருகிறது! நெல்லையில் படித்து, கடையத்தில் வாழ்ந்த பாரதியின் பாட்டு நம் சொத்தல்லவா?

சொத்துதான். அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் அரசு அதைப் பெற்றது. பின்னர் பாரதியின் எழுத்துகள் மக்களுக்குப் பொதுவாயின.

ஆனால் சொல் வேறு, மெட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. 2000இல் வந்த 'பாரதி' படத்தின் ஒலிப்பதிவுக்கு, நம் சட்டப்படி 2060 முடிய உரிமை உண்டு. கலைஞர்களின் உழைப்புக்கு அது கூலி, நியாயமே.

இதைக் கண்டுபிடிப்பது கணினி. ஒலியில் மேலோங்கி நிற்கும் அதிர்வெண்களைக் குறித்துக்கொண்டு, கைரேகையைப்போல் ஒப்பிடுகிறது. ஒற்றுமை அதற்குத் தெரியும், நியாயம் தெரியாது. எனவே இறுதித் தீர்ப்பை மனிதரே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அறிவிப்பு தவறானால் மறுப்புத் தெரிவிக்கத் தயங்காதீர்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பாரதியின் சொற்களுக்கு நீங்களே மெட்டமைத்துப் பாடுங்கள். அந்தப் பாட்டின் மெட்டும் ஒலிப்பதிவும் உங்களுக்கே சொந்தம்!