உம் கொட்டும் கைகள்

கதை சொல்லும் பாட்டிக்குக் கேட்பவரின் ‘உம்’ வேண்டும். அவ்வொலி நின்றுபோனால் குழந்தை உறங்கிவிட்டது என்று பொருள்; கதையும் அத்துடன் நின்றுவிடும். அச்சிட்ட புதினம் எவருடைய ‘உம்’மையும் எதிர்பார்ப்பதில்லை. அரங்கில் ஒருவரும் இல்லாவிடினும் திரைப்படம் ஓடி முடிந்துவிடும். கதையை உயிராகக் கொண்ட காணொளி விளையாட்டோ மீண்டும் பாட்டியின் முறைக்கே திரும்புகிறது. ஆடுபவரின் விரல் பொத்தானை அழுத்தும்வரை அதன் தலைவன் நின்ற இடத்திலேயே நிற்பான், கதவு திறவாது, கதை நகராது. இங்கே உம் கொட்டுவது வாயன்று, கை.

கை கதைக்குள் நுழைந்துவிட்டால் கதையின் இயல்பே மாறுகிறது. 2023ஆம் ஆண்டில் வெளியான ‘வெண்பா’ என்னும் சிறிய விளையாட்டைச் சான்றாகக் கொள்ளலாம். கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ‘விசை கேம்ஸ்’ என்னும் குழு அதனை உருவாக்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. தாயின் கையெழுத்தில் அமைந்த சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் இருக்கிறது; அதன் சில பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, சில வரிகள் அழிந்திருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டியவர் ஆடுபவரே. ஊரைவிட்டு வந்தவளின் இழப்பை உரையாடல் சொல்வதைவிட, அழிந்த வரியின்முன் தயங்கும் விரல் நன்றாகவே சொல்லிவிடுகிறது. அக்கதை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது அதன் நற்பேறு.

பெரிய விளையாட்டுகளுக்கு அந்த நற்பேறு வாய்ப்பது அரிது. ஒரு பாகம் வெற்றி பெற்றால் அடுத்த பாகம் வந்தே தீரும். முதற்பாகத்தில் கைவைத்தவர்களுக்கு இரண்டாம் பாகத்தில் கதை என்ன கைம்மாறு செய்கிறது என்பதே இவ்வகைக் கலையின் கடினமான வினா. அதற்கு நல்ல விடையும் மோசமான விடையும் ஒரே தொடருக்குள் கிடைக்கின்றன.

நினைவு வைத்திருந்த கதை

கனடாவின் எட்மன்டன் நகரில் இயங்கும் பயோவேர் நிறுவனம் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் விண்வெளிக் கதையை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. தலைமை மாந்தர் தளபதி ஷெப்பர்ட். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, முகம் எத்தகையது, இரக்கம் மிக்கவரா இரும்பு நெஞ்சினரா என்பவற்றையெல்லாம் ஆடுபவரே முடிவு செய்வார். முதற்பாகத்தில் விர்மைர் என்னும் கோளில் ஒரு கட்டம் வருகிறது. தோழர்களான கெய்டனும் ஆஷ்லியும் இருவேறு இடங்களில் பகைவரிடம் சிக்கிக்கொள்கின்றனர். ஒருவரிடம் மட்டுமே போய்ச்சேர நேரமுண்டு. மூன்றாவது வழியொன்றும் அங்கில்லை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஒருவரை இழந்தே ஆகவேண்டும்.

இத்தகைய இக்கட்டுகள் புதினங்களிலும் உண்டு. ஆயின், புதினத்தில் முடிவெடுத்தவர் ஆசிரியர். படிப்பவர் அவரை நொந்துகொள்ளலாம். இங்கே நொந்துகொள்ள வேறு ஆளில்லை.

இத்தொடரின் உண்மையான புதுமை அதற்குப் பின்னர்தான் வெளிப்பட்டது. முதற்பாகத்தை முடித்தவரின் சேமிப்புக் கோப்பை இரண்டாம் பாகம் படித்தது. இரண்டாம் பாகத்தின் கோப்பை மூன்றாம் பாகம் படித்தது. விர்மைரில் இறந்தவர் இறந்தவராகவே இருந்தார். பிழைத்தவர், ஐந்தாண்டுகளுக்குப் பின் வெளியான பாகத்தில் ஷெப்பர்டின் எதிரே வந்து நின்றார். ரெக்ஸ் என்னும் குரோகன் வீரனை விர்மைரில் சமாதானப்படுத்த இயலாமல் போனவர்கள், மூன்றாம் பாகத்தில் அவன் இருக்க வேண்டிய அரியணையில் அவனுடைய முரட்டு உடன்பிறப்பைக் கண்டார்கள். தான் செய்ததைக் கதை மறக்கவில்லை என்று ஆடுபவர் உணரும் அக்கணத்திற்கு ஈடானதொன்றை அச்சு நூலால் தர இயலாது; அது அதன் குறையுமன்று.

மூன்றாம் பாகத்தின் சிறந்த பகுதியும் இந்நினைவிலிருந்தே பிறக்கிறது. குரோகன் இனத்தின் பிறப்புகளை முடக்கும் நோயொன்றைப் புதுப்பித்துக் கொடுத்த அறிவியலாளர் மோர்டின். தம் ஆய்வின் பயனை எண்ணி வருந்தும் அவர், மருந்தைக் காற்றில் பரப்புவதற்காக வெடித்துச் சிதறும் கோபுரத்தின்மேல் தனியாக ஏறுகிறார். பெரும்பாலோர் ஆட்டத்தில் அவர் அங்கேயே இறந்துபோகிறார். முற்பாகங்களில் வேறு வகையாக முடிவெடுத்தவர்களுக்கோ, அவரை வாதிட்டுத் திருப்பி உயிருடன் இருக்கச் செய்யவும் வழியுண்டு. அப்போது ஓர் இனத்தின் எதிர்காலம் பறிபோகிறது. தம் அன்புக்குரிய மாந்தர் இறந்ததற்காக நிறுவனத்தின்மீது எவரும் படையெடுக்கவில்லை. அழுதார்கள், போற்றினார்கள். அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இது நினைவிற்கொள்ளத்தக்கது.

கிளைகளின் கணக்கு

கதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள் உள்ளன என்று கொள்வோம். பத்துத் திருப்பங்கள் கடந்தால் 1,024 கதைகள். இருபது திருப்பங்கள் கடந்தால் பத்து இலட்சத்திற்கும் மேல். ஒவ்வொரு கிளைக்கும் உரையாடல் எழுதி, நடிகரைக் கொண்டு குரல் பதிந்து, முகங்களை அசைத்து, களங்களை வரையும் நிறுவனம் உலகில் எங்கும் இல்லை. ஆகவே எழுத்தாளர்கள் கிளைகளைப் பிரித்துச் சிறிது தூரம் ஓடவிட்டு மீண்டும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். காவிரி இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவதுபோன்ற ஏற்பாடு அது. ஆற்றில் அது தீவாகிறது, ஆட்டத்தில் சிலபோது ஏமாற்றாகிறது.

இவ்வேற்பாடு குற்றமன்று, கைத்தொழிலின் தேவை. குற்றம், ஆடுபவரின் முடிவை வாங்கிக்கொண்டு அதனைச் செல்லாக்காசாக்குவது. முதற்பாகத்தில் ராக்னி என்னும் இனத்தின் கடைசி அரசியைக் கொல்வதா விடுவிப்பதா என்ற வினா எழுகிறது. ஓர் இனத்தையே அழிக்கும் முடிவு அது. ஆடியவர்கள் பொத்தானின்மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் எண்ணியிருப்பார்கள். மூன்றாம் பாகத்தில், அரசியைக் கொன்றவருக்கும் ராக்னிகள் எதிர்ப்படுகின்றன. பகைவர் செயற்கையாக இன்னோர் அரசியை உருவாக்கிக்கொண்டார்களாம்! மனித இனத்தின் சார்பில் மன்றத்தில் அமர வேண்டியவர் ஆண்டர்சனா உடினாவா என்றும் முதற்பாகம் கேட்கிறது. யாரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மூன்றாம் பாகத்தில் அவ்விருக்கையில் உடினாவே அமர்ந்திருக்கிறார்.

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது எண் கணக்கு. மூன்று பாகங்களில் காத்த உயிர்கள், ஒன்றுசேர்த்த இனங்கள், தீர்த்துவைத்த பகைகள் யாவும் இறுதிப் பாகத்தில் போர்வலிமை என்னும் ஒரே பட்டியலில் மதிப்பெண்களாக மாறுகின்றன. தோழமைக்கு இத்தனை, பெரும் படைக்கு இத்தனை. ஆண்டிறுதித் தேர்வின் மதிப்பெண் பட்டியலில் மாணவரின் ஓராண்டு வாழ்க்கை சுருங்கிப்போவதை அறிந்தவர்க்கு இவ்வுணர்வை விளக்க வேண்டியதில்லை.

இறுதிக் காட்சியில் ஒரு சிறுவனின் உருவம் தோன்றி வழிகளை விளக்குகிறது. சிவப்பு, நீலம், பச்சை என மூன்று. எதனைத் தேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, வேறு நிறத்தில் ஓடியது. முடிவு ஒவ்வொருவரின் தேர்வுக்கேற்பப் பெரிதும் வேறுபடும் என்று முன்னரே நம்பிக்கை தரப்பட்டிருந்தது. அதனால் சினம் இருமடங்காயிற்று. அச்சினத்தில் அழகான பகுதியும் இருந்தது. சுவைஞர்கள் தம் எதிர்ப்பின் அடையாளமாக, மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்கும் அறக்கட்டளை ஒன்றுக்கு 80,000 டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தார்கள். வேறு சிலர் 400க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மேற்பூச்சு சிவப்பு, நீலம், பச்சை. உள்ளே எல்லாமே ஒரே சுவை. திறனாய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொன்னதை ஒரு கடி சொல்லிவிட்டது. நிறுவனம் அவற்றை இளையோர் காப்பகம் ஒன்றுக்கு அளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விரிவாக்கப்பட்ட முடிவுக் காட்சிகளை விலையின்றி வெளியிடவும் செய்தது. தோழர்கள் என்ன ஆனார்கள் என்பது அதில் ஓரளவு தெரிந்தது; மூன்று நிறங்கள் மூன்றாகவே இருந்தன.

படைப்பாளியின் முடிவை மாற்றச் சொல்லும் உரிமை சுவைஞர்க்கு உண்டா என்று அப்போது பலர் கேட்டனர். பொதுவாக இல்லை என்பதே சரி. ஆனால், அவ்விடை புதினத்துக்குப் பொருந்தும் அளவுக்கு இங்குப் பொருந்துவதில்லை. ஐந்தாண்டுகளாக “நீயே முடிவெடு” என்று சொல்லிவந்த கதை, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தன்னைத் தனியொருவர் படைப்பு என்று உரிமை கொண்டாடுவது முறையாகாது. மகிழ்ச்சியான முடிவு கேட்டு அடம்பிடித்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். மோர்டினின் சாவை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிட இயலாது. அவர்கள் கேட்டது இன்பத்தையன்று. தாம் செய்தவற்றின் தடத்தை.

2017இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமீடா’ இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையில் புறப்பட்ட கலங்கள் 600 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணம் செய்து வேறொரு விண்மீன் திரளை அடைகின்றன. பழைய முடிவுகள் எவையும் அங்கே எட்டா. மாந்தரின் முக அசைவுகள் எள்ளி நகையாடப்பட்டதையே பலரும் நினைவுகூர்கின்றனர். முகம் பிறகு திருத்தப்பட்டது. நினைவிலிருந்து தப்பியோடிய கதைக்கு எடை சேரவேயில்லை.

வழியே இல்லாத கதவு

தேர்வே தராத விளையாட்டுகளும் உண்டு. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ அத்தகையது. (வன்முறை மிக்கதாதலால் வயது வந்தோர்க்கு மட்டுமென வகைப்படுத்தப்பட்ட ஆட்டம் இது, அவ்வரம்பு பொருளற்றதன்று.) பூஞ்சை நோய் உலகைச் சிதைத்து இருபதாண்டுகள் ஆனபின், மகளைப் பறிகொடுத்த ஜோயல், நோய்த்தடுப்பு ஆற்றல் பெற்ற எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியை நாட்டின் குறுக்கே அழைத்துச் செல்கிறான். இறுதியில் மருத்துவமனை. மருந்து கண்டறிய வேண்டுமானால் சிறுமி இறக்க வேண்டும். ஜோயல் அதனை ஏற்கவில்லை. அறுவை அறையில் கத்தியுடன் வழிமறிக்கும் மருத்துவர் ஒருவர். அவரைக் கொல்லாமல் கதை நகராது. ஆடுபவர் பொத்தானை அழுத்துகிறார். பெயர்கூடத் தெரியாத அம்மருத்துவரை அழுத்திய பலர் மறுகணமே மறந்திருப்பார்கள்.

2020இல் வந்த இரண்டாம் பாகம் அவரை மறக்கவில்லை. அம்மருத்துவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவள் பெயர் ஆபி. தொடக்கத்திலேயே அவள் ஜோயலைத் தேடிவந்து கொல்கிறாள். எல்லி பழிவாங்கப் புறப்படுகிறாள். பாதி ஆட்டம் கடந்ததும் கருவி கைமாறுகிறது. வெறுத்த ஆபியின் கால்களால் இனி நடக்க வேண்டும். எல்லியின் கைகளால் வீழ்த்தியவர்கள் ஆபியின் நண்பர்களாக எதிரே உண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீழ்ந்த காவலனின் பெயரைச் சொல்லி அவன் தோழன் அலறுகிறான்.

முதல் மூன்று நாள்களில் 40 இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற அவ்விளையாட்டைப் போல் வசைபெற்றது வேறில்லை. ஆபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. பாத்திரத்தின் செயலுக்கு நடிகையைத் தண்டிக்க முனைவோரைச் சுவைஞர் என்று அழைக்க மொழியில் இடமில்லை. நேர்மையான குறைகளும் உண்டு. கதை நீளம் மிகுந்தது. உச்சத்தில் நின்ற காட்சியை அறுத்து மூன்று நாள்கள் பின்னோக்கி இழுப்பது பொறுமையைச் சோதிக்கிறது. கொலை தீது என்று கற்பிக்க விரும்பும் ஆட்டம், கொல்லாமல் செல்லும் வழியைப் பல இடங்களில் தானே அடைத்துவிடுகிறது.

ஆயினும், மாஸ் எஃபெக்டின் இறுதி தந்த ஏமாற்றமும் இதுவும் ஒன்றல்ல. ஒன்று ஆடுபவரின் கையை மறந்தது. மற்றொன்று அக்கை மறக்க விரும்பியதை நினைவூட்டியது. பின்னது தந்த கசப்பு, பிழையால் வந்ததன்று.

ஜோயல் எல்லிக்குக் கிதார் கற்றுக்கொடுத்திருந்தான். ஆட்டத்தின் நடுவே சில இடங்களில் அவள் அமர்ந்து வாசிக்கிறாள். கருவியின் தொடுபரப்பில் விரலால் மீட்டி அந்த இசையை எழுப்புபவர் ஆடுபவர். கடைசிச் சண்டையில் எல்லியின் இடக்கையில் இரண்டு விரல்கள் போய்விடுகின்றன. ஆளற்ற வீட்டுக்குத் திரும்பும் அவள் கிதாரை எடுத்து மடியில் வைக்கிறாள். ஆடுபவர் மீண்டும் மீட்டுகிறார். பழைய அதே பண்; ஆனால் சுரங்கள் இடையிடையே விழுந்துவிடுகின்றன. எத்தனை முறை முயன்றாலும் அவை திரும்புவதில்லை. எல்லி கிதாரைச் சன்னலோரம் சாய்த்துவைத்துவிட்டு வெளியே நடக்கிறாள்.